12.4 வோல்ட்டுக்காக ஓல்டர்னேட்டர் மாற்ற வேண்டாம்

எஞ்சின் ஓடும்போதும் பெட்டரியில் 12.4 வோல்ட்தான் என்றால் சார்ஜ் ஏறவில்லை, சரி. ஆனால் பழுது ஓல்டர்னேட்டரில்தான் (எஞ்சின் ஓடும்போது பெட்டரியைச் சார்ஜ் பண்ணும் கருவி) என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. முதலில் ஓல்டர்னேட்டரிலிருந்து பெட்டரிக்குப் போகும் வயரைப் பாருங்கள்.

ஹெட்லைட்டைப் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணி, மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை ஓல்டர்னேட்டரின் பி போல்ட்டில் (அந்த வயர் பூட்டியிருக்கும் போல்ட்), மற்றது பெட்டரி பிளஸ்ஸில். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் வயரில் தடை இருக்கிறது. ஹட்டன் மழைக்கு இது சகஜம். என் வேனில் வயரின் டேப்பைப் பிரித்தால் பச்சை பூத்து நாலைந்து இழைதான் மிச்சம்.

பி போல்ட்டுக்கும் பெட்டரி மைனஸுக்கும் இடையில் அளந்தாலும் 12.4தானா? அப்போ பெல்ட்டைப் பாருங்கள். சாவி ஓனில் பெட்டரி லைட் எரியாவிட்டால் பியூஸையும் பாருங்கள்.

ஓடும் எஞ்சினில் பெட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், ஓல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோட் போய்விடலாம்.