கைக் கரப்பனுக்கு எவ்வளவு மருந்து பூச வேண்டும்?

கேள்வி: நிலாவெளியில் இருக்கிறேன், வயது 36. தினமும் மீன், இறால் வெட்டிக் கழுவுகிற வேலை. எட்டு மாதமாக இரண்டு கைகளும் கடிக்கின்றன; தோல் தடித்து வெடித்திருக்கிறது. பார்மசியில் தந்த பீட்டாமெத்தசோன் 0.1% கிரீம் பூசினால் மூன்று நாளில் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. ஸ்டீரொயிட் என்ற பயத்தில் கொஞ்சமாகத்தான் பூசுகிறேன். 15 கிராம் டியூப் மூன்று மாதம் வந்தது. முகத்திலும் சிவந்திருக்கிறது. அங்கேயும் இதைப் பூசலாமா?

பதில்: மருந்து பிழையில்லை. அளவும் நாளும்தான் பிழை.

சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய ஒரு கோடு ஏறத்தாழ அரைக் கிராம். அது ஒரு கையின் உள்ளும் புறமும் பூசப் போதும். இரண்டு கைகளுக்கும் நாளுக்கு ஒரு கிராம் என்றால், உங்கள் டியூப் இரண்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டும். இரவில் ஒரு தடவை பூசினால் போதும். வெடித்த தடித்த தோலுக்குக் கிரீமைவிட ஓயின்ட்மென்ட் நல்லது. நீர் கசிகிற இடத்துக்குத்தான் கிரீம்.

கடி மூன்றாம் நாளே அடங்கிவிடும். தோலின் தடிப்பு இறங்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். நீங்கள் இடையில் விடுவதால்தான் திரும்ப வருகிறது. தடிப்பு போன பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் என்று குறையுங்கள். உள்ளங்கைத் தோல் தடிப்பானது, இந்த அளவுக்கு மெலிந்துவிடாது.

முகம் அப்படியல்ல. அங்கே பீட்டாமெத்தசோன் வேண்டாம்: தோல் மெலியும், பரு வரும், கண்ணருகே தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் கூடலாம். ஹைட்ரோகோர்ட்டிசோன் 1% ஐந்து முதல் ஏழு நாள் போதும். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் டாக்ரோலிமஸ் என்ற, ஸ்டீரொயிட் இல்லாத பூச்சு மருந்தை எழுதக்கூடும். முதல் சில நாள் எரியும், அதற்காக விட்டுவிடக் கூடாது.

ஸ்டீரொயிட், பங்கசு மருந்து, அன்டிபயோட்டிக் மூன்றும் கலந்த டியூபை யாராவது தந்தால் வாங்காதீர்கள். அதில் சேர்க்கிற நியோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கே சிலருக்கு ஒவ்வாமை தரும். ஒரு கையில் மட்டும், கூடவே இரண்டு பாதங்களிலும் செதில் இருந்தால் அது பங்கசாக இருக்கலாம். ஸ்டீரொயிட் அதை மறைத்துப் பரப்பும்.

கை கழுவிய ஒவ்வொரு தடவையும் ஈரம் ஒற்றி வெள்ளை வாசலீன் தடவுங்கள். மருந்துக்கும் அதற்கும் இருபது நிமிட இடைவெளி விடுங்கள். மீன் மணம் போகத் தேசிக்காய் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். வெடிப்பில் எரிவது மட்டுமல்ல, தேசிச்சாறு பட்ட தோலில் நம்மூர் வெயில் பட்டால் கொப்புளமே போடும்.

மீன் வெட்டும்போது உள்ளே பருத்திக் கையுறை, வெளியே வினைல் கையுறை. ரப்பர் வேண்டாம், அதில் சேர்க்கும் இரசாயனங்களே சிலருக்குக் கரப்பன் தரும். உள்ளே வியர்த்தால் பருத்தியை மாற்றுங்கள். பச்சை மீன் பட்ட சில நிமிடத்திலேயே கடித்துத் தடித்தால், மீனின் புரதமே காரணமாக இருக்கலாம்.

மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். சரியான அளவில் நான்கு வாரம் பூசியும் மாறாவிட்டால் தோல் கிளினிக்கில் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள்; எந்தப் பொருள் உங்களுக்கு ஒவ்வாமை தருகிறது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை அது. முதுகில் ஒட்டுவதை 48 மணி நேரம் நனைக்கவோ வியர்க்க விடவோ கூடாது, ஆகையால் வேலைக்கு லீவு போட வேண்டியிருக்கும். போகும்போது கையுறை, சவர்க்காரம், பூசிய டியூப்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.