டாக்டர் கடிதம் கையில் இருக்கிறது, உதவித்தொகை எங்கே?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் வசிக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதில் தடுமாறும் கற்றல் குறைபாடு) என்று மருத்துவமனையில் கடிதம் தந்துள்ளனர். மாதம் 150 ரிங்கிட் கிடைக்குமாமே? கணவர் லோரி ஓட்டுகிறார். சம்பளம் வருவதால் கிடைக்காது என்கிறார்கள்.

பதில்: சகோதரி, கணவரின் சம்பளம் இதற்குத் தடையில்லை. சமூக நல இலாகாவின் வறுமை உதவிகளுக்குத்தான் குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கேட்கும் 150 ரிங்கிட், அரசாங்கப் பள்ளியிலோ அரசாங்க உதவி பெறும் பள்ளியிலோ சிறப்புக் கல்வி மாணவராகப் பதிவான பிள்ளைக்குக் கல்வி அமைச்சு தருவது. சமூக நல இலாகா தரும் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை வாங்கியதும் பணம் தானாக வந்துவிடும் என்று நம்பி, பள்ளியில் பதியாமலேயே ஆண்டுகளைக் கடத்திய பெற்றோர் பலரை நான் பார்த்திருக்கிறேன். அது மனத்தை வருத்தும் இழப்பு.

ஆகவே ஓகேயூ பதிவு, பள்ளியில் சிறப்புக் கல்விப் பதிவு ஆகிய இரண்டு வேலைகளையும் ஒன்றாகத் தொடங்குங்கள். ஓகேயூ பதிவுக்கு மருத்துவமனைக் கடிதம் மட்டும் போதாது. விண்ணப்பப் பாரத்தில் மருத்துவர் நிரப்பவேண்டிய பகுதி தனியாக உண்டு. அதில் கற்றல் குறைபாடு என்ற பிரிவு குறிக்கப்பட்டுள்ளதா, கையொப்பத்தோடு முத்திரையும் விழுந்துள்ளதா என்பதை அறையை விட்டு வெளியே வருமுன் பாருங்கள். முத்திரை விடுபட்டால், கோலகங்சாரிலுள்ள மாவட்டச் சமூக நல அலுவலகம் வரை போய்த் திரும்பிய ஒரு நாள் கூலி வீண்.

அடுத்து, தலைமையாசிரியரைச் சந்தித்து மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சிறப்புக் கல்விப் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை என்பதால், தோட்டத்திலிருந்து தூரம், போக்குவரத்து ஆகியவற்றை அங்கேயே சொல்லிவிடுவது நல்லது. தனி வகுப்பு மட்டுமே வழி என்று அஞ்சவேண்டாம். மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் பயிலும் உள்ளடங்கிய கல்வித் திட்டமும் இருக்கிறது, வாசிப்பில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்கு அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகளின்படி, சேர்ந்த பிள்ளையை மூன்று மாதம் வரை கவனித்த பிறகே எந்தத் திட்டம் பொருந்தும் என்று முடிவு செய்வார்கள். 2019 முதல் நடைமுறையிலுள்ள கொள்கைப்படி, குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது.

பதிவு முடிந்ததும், உதவித்தொகைப் பட்டியலில் மகனின் பெயர் சேர்ந்துவிட்டதா, வங்கிக் கணக்கு எண் சரியாக உள்ளதா என்று பள்ளி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு பாரத்துக்கும் நகலெடுத்து, பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.