அலெக்ஸா வாங்கலாமா? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

காட்பாடியில் வயரிங், வைஃபை, கேமரா வேலை பார்க்கிறவன் நான். வேலை முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் வீட்டுக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்தப் பேசற ஸ்பீக்கரை வாங்கிப் போடலாமா?" அப்படிச் சேர்ந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். ஸ்பீக்கர் நான் விற்பதில்லை, மாட்டித் தருவதோடு சரி. அதனால் வாங்காதீர்கள் என்று சொல்வதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

காந்தி நகர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். நாலாயிரம், ஐயாயிரம் கொடுக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

ஐயா, மகனை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். அலெக்ஸா செயலி போனில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை இறக்கி, திரையில் திறந்தபடி டீவி ஸ்டாண்டிலோ சமையல் மேடையிலோ வைத்துவிட்டு, ஒரு வாரம் அதனிடம் என்னவெல்லாம் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். பாட்டு மட்டும்தான் என்றால் ஆயிரத்தைந்நூறு ரூபாய் ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும். முதல் இரண்டு நாள் விளையாட்டாகப் பேசிவிட்டு மறந்துபோனீர்கள் என்றால் அதுகூட வேண்டாம்.

அலெக்ஸா குடியிருக்கிற ஸ்பீக்கரின் பெயர் அமேசான் எக்கோ. அது இந்தியாவுக்கு வந்தது 2017 அக்டோபரில், கூகுளின் பேசும் ஸ்பீக்கரான கூகுள் ஹோம் 2018 ஏப்ரலில். அப்போது ஆசையாக வாங்கியவை பல வீடுகளில் இன்று ஷோகேஸில் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கே பயன்படுகிறது என்றால், கை மாவில் இருக்கும்போது. கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு. உட்கார்ந்தால் எழ முடியாத முட்டிவலிக்காரர்களுக்கு. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் தாராளமாக அனுப்பச் சொல்லுங்கள். வானிலை கேட்பதற்காக வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னார். மே மாதத்து வேலூரில் அதைக் காசு கொடுத்தா கேட்க வேண்டும்?

கொசப்பேட்டை, கல்லூரி மாணவி: பாட்டிக்கு 78 வயது. இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. தமிழில் பேசினால் புரியுமா?

புரியாதும்மா. எல்லாருக்கும் முதலில் சொல்லவேண்டியதே இதைத்தான். தமிழ்ப் பாட்டுப் போடும், ஆனால் தமிழில் பேச்சுக் கேட்காது. இங்கே விற்கிற எக்கோவுக்கு ஆங்கிலமும், 2019-லிருந்து இந்தியும்தான். கூகுள் ஸ்பீக்கரும் அப்படியே. போனில் இருக்கிற கூகுளிடம் தமிழில் பேசலாம், அது வேறு கதை.

ஆனால் பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் சொன்னது? லைட், ஃபேன், டீவி, ஆன், ஆஃப் எல்லாம் அவர் தினமும் பேசுகிற வார்த்தைகள்தானே? அது போதும்.

சத்துவாச்சாரியில் முட்டி ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பாட்டியின் கட்டில் பக்கத்தில் ஒன்று மாட்டிக் கொடுத்தேன். முதல் நாள் அவர், "அலெக்ஸா, கொஞ்சம் லைட்டப் போடும்மா" என்றார். ஸ்பீக்கரில் நீல விளக்கு வளையம் எரிந்தது, சுற்றியது, ஆங்கிலத்தில் என்னவோ மன்னிப்புக் கேட்டது. பாட்டி என்னைப் பார்த்து, "இன்னாப்பா சொல்லுது இது?" என்றார். "லைட் ஆன்" என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். "அலெக்ஸா" என்று கூப்பிட்டார். கூப்பிட்டதும், நம் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டால் "என்ன" என்று பதில் வரும்வரை காத்திருப்போமே, அதுபோலக் காத்திருந்தார். வளையம் அணைந்துவிட்டது. பெரியவர்கள் தடுமாறுவதே இந்த இடத்தில்தான். பெயரையும் வேலையையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழக்க வேண்டும். பத்து நாள் கழித்து வேறு வேலையாகப் போனபோது, "அலெக்ஸா லைட் ஆஃப்" என்று ஒரே இழுப்பில் சொன்னார். விளக்கு அணைந்ததும், "தூங்கு போ" என்று அதற்குத் தனியாக ஒரு உத்தரவு வேறு.

செயலியில் பெயர் வைக்கும்போது எளிதாக வையுங்கள். "பெட்ரூம் எல்இடி டியூப்லைட் ஒன்று" என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், பாட்டி என்ன செய்வார்? வெறும் "லைட்" போதும். பாட்டுக்கு "ரொட்டீன்" என்று ஒரு வசதி இருக்கிறது. "குட் மார்னிங்" என்று சொன்னால் நீங்கள் எடுத்துவைத்த முருகன் பாட்டுத் தொகுப்பு ஓடும்படி ஒருமுறை அமைத்துவிடலாம். பாட்டின் முதல் வரியைச் சொல்லிக் கேட்டால் பத்துக்கு நாலு தடவை வேறு எதையாவது பாடும். "இளையராஜா சாங்ஸ்" என்பதுபோல ஆள் பெயர் சொல்லிக் கேட்டால் தவறுவது குறைவு.

மேல்விஷாரம், தோல் வியாபாரி: எங்கள் வீட்டில் பேச்சு உருது. அதற்குப் புரியுமா?

பாய், இந்த விஷயத்தில் உங்களுக்கு எங்களைவிட யோகம். மொழியை இந்திக்கு மாற்றிவிட்டால் உங்கள் வீட்டுப் பேச்சில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது வடநாட்டு இந்தி. நம் பக்கத்து உருதுவான தக்கினி அதற்குத் தெரியாது. வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்று சொன்னால் விழிக்கும்.

சத்துவாச்சாரி, வழக்கறிஞர்: இருபத்துநாலு மணி நேரமும் ஒட்டுக்கேட்கிறது என்கிறார்களே, உண்மையா? அலுவலகத்தில் ஒன்று வைக்க ஆசை.

சார், வீட்டு ஹாலில் வையுங்கள், அலுவலகத்தில் வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

மைக் எப்போதும் திறந்துதான் இருக்கும். தன் பெயரைக் கூப்பிடுகிறார்களா என்று பார்க்கிற வேலை அந்தப் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. பெயர் காதில் விழுந்த பிறகு, அதாவது விளக்கு எரிந்த பிறகு, நாம் பேசுவது இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அதனால் நாள் முழுக்கப் பதிவாகிறது என்பது சரியில்லை. ஆனால் பெயர் மாதிரி ஒலிக்கிற வேறு சொல்லுக்கும் அது விழித்துக்கொள்ளும். சீரியல் சத்தத்துக்கு விழித்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் எதிரே கட்சிக்காரர் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தால்?

இந்தப் பதிவுகளில் ஒரு சிறு பங்கை ஊழியர்கள் கேட்டு எழுதுகிறார்கள் என்று 2019-ல் செய்தி வந்தது, அமேசானும் மறுக்கவில்லை. குழந்தைகளின் குரல் பதிவுகளை வைத்திருந்த விவகாரத்தில் 2023-ல் அமெரிக்க அரசுக்கு 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே சில மாடல்களில் குரலை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் ஒரு வசதி இருந்தது. அதையும் 2025 மார்ச் 28-உடன் நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்தும் என் வீட்டில் ஒன்று இருக்கிறது. பணம், சொத்து, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் பேசும்போது ஸ்பீக்கரின் தலையில் உள்ள மைக் பொத்தானை அழுத்திவிடுவோம். சிவப்பு எரிந்தால் காது அடைத்துவிட்டது என்று அர்த்தம். செயலியில் பழைய பதிவுகள் மூன்று மாதத்தில் தானாக அழியும்படியும் வைக்கலாம். குரலால் பொருள் வாங்குகிற வசதியை முதல் நாளே மூடிவிடுங்கள், பேரன் இருக்கிற வீடு என்றால் கண்டிப்பாக.

குடியாத்தம், ஆசிரியை: கரண்ட் பில் ஏறுமா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். சும்மா இருக்கும்போது சின்ன ஸ்பீக்கர் இழுப்பது ஏறக்குறைய 2 வாட். மாதம் ஒன்றரை யூனிட், நம் இரண்டு மாதக் கணக்குக்கு மூன்று யூனிட்.

கரண்ட் போவதுதான் சங்கடம். ஸ்பீக்கர் இன்வெர்ட்டரில் இருந்தால் மட்டும் போதாது, வைஃபை ரௌட்டரும் அதே லைனில் இருக்க வேண்டும். இணையம் இல்லாவிட்டால் அது வெறும் டப்பா. ஏற்கனவே வைத்த அலாரம் அடிக்கும், அவ்வளவுதான். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரௌட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் போடலாம்.

இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்பீக்கரிடம் சொன்னால் எரிகிற ஸ்மார்ட் பல்ப் வாங்கினால், ராத்திரி கரண்ட் போய் இரண்டு மணிக்கு வந்ததும் வீட்டில் அத்தனை பல்பும் பளிச்சென்று எரியும். பல மாடல்களில் அதை மாற்ற முடியும், செயலியில் தேடிப் பாருங்கள். பகலில் யாராவது பழக்கதோஷத்தில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால், ஸ்பீக்கரிடம் தொண்டை கிழியக் கத்தினாலும் பல்ப் எரியாது. அதனால் பல்புக்குப் பதில் ஸ்விட்ச் போர்டுக்குள் வைக்கிற ஸ்மார்ட் ரிலேயைத்தான் நான் சொல்வேன். சுவர் ஸ்விட்சும் வேலை செய்யும், பேச்சும் வேலை செய்யும். போர்டில் நியூட்ரல் வயர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய வீடுகளில் சில போர்டுகளில் இருக்காது. கோடை மழையில் இடி இடித்தால் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.

லத்தேரி, விவசாயி: ஸ்மார்ட் பிளக் போட்டு, குரலில் சொல்லி மோட்டார் ஓட்டலாமா?

வேண்டாண்ணே. இதில் நான் சூடுபட்டவன்.

என் வீட்டு ஒரு ஹெச்பி மோட்டாருக்கு, 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே என்ற தைரியத்தில் ஒரு ஸ்மார்ட் பிளக் போட்டேன். இரண்டு மாதம் ராஜாவாக ஓடியது. மோட்டார் கிளம்புகிற நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். தினமும் அந்த அடி வாங்கிப் பிளக்குக்குள் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற உலோக முனை (காண்டாக்ட்) ஒட்டிக்கொண்டது. ஒருநாள் ராத்திரி "மோட்டார் ஆஃப்" என்றேன். "ஓகே" என்றது. நானும் படுத்துவிட்டேன். செயலியிலும் ஆஃப் என்றுதான் காட்டியது. விடியற்காலையில் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார்: "உங்க டேங்க் ராத்திரி பூரா வழியுதுப்பா, எங்க சுவரெல்லாம் ஈரம்." பிளக்கைக் கழற்றினால் பின்பக்கம் பழுப்பாக உருகியிருந்தது.

வீட்டு மோட்டார் என்றால் ஸ்டார்ட்டருக்குள் காண்டாக்டர், அதாவது பெரிய கரண்டைத் தாங்குகிற காந்த ஸ்விட்ச், இருக்க வேண்டும், ஸ்மார்ட் ஸ்விட்ச் அந்தக் காண்டாக்டரின் காயிலை மட்டும் ஓட்ட வேண்டும். உங்கள் வயல் மோட்டாருக்கு இதெல்லாம் எதுவுமே வேண்டாம். அங்கே வைஃபை எங்கே இருக்கிறது? சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர்தான் சரி. தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானாக நிற்கிற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காட்பாடி, ஹாஸ்டல் மாணவர்: ரூமில் வைக்கலாமா அண்ணா?

தம்பி, ஒவ்வொருவரும் தன் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு நுழைகிற வைஃபை என்றால் ஸ்பீக்கர் அதில் சேருவது பெரும்பாடு. போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் நீ வெளியே போனதும் அது ஊமை. ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கொள், மீதிக் காசுக்கு ஆம்பூர் பிரியாணி.

பாகாயம், மருத்துவமனை ஊழியர்: அப்பாவுக்குப் பக்கவாதம். படுக்கையில் இருக்கிறார். அவசரத்துக்கு எங்களைக் கூப்பிட இது உதவுமா?

அதை மட்டும் நம்பி வைக்காதீர்கள் சார். பக்கவாதத்தில் பலருக்குப் பேச்சு குழறும், குழறலை இந்தப் பெட்டி சரியாகப் பிடிக்காது. வலியில் இருக்கிறவரை "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பது கொடுமை. 108-க்கும் இது போன் போடாது, அவசர எண்களுக்கு அழைக்கும் வசதி இதில் இல்லை.

கைக்கு எட்டுகிற இடத்தில் வயர்லெஸ் காலிங் பெல் ஒன்று வையுங்கள். சில நூறு ரூபாய்தான். பொத்தானைக் கட்டில் சட்டத்தில், அசைகிற கையின் பக்கம் ஒட்டுங்கள். மணியை நீங்கள் தூங்குகிற அறையில் மாட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள், பேட்டரி சொல்லாமல் தீர்ந்துவிடும். அதன் பிறகு, பொழுதுபோக ஸ்பீக்கர் வைத்தால் தப்பில்லை. திரை உள்ள மாடல் என்றால் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசலாம். அவர் எதையும் அழுத்தாமலே அவர் படம் பிள்ளைகளுக்குத் தெரியும்படி அமைக்க முடியும். அதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படுக்கையில் இருக்கிறவருக்கும் கதவு என்று ஒன்று வேண்டுமல்லவா?

ஆம்பூர், ஹோட்டல்காரர்: கடையில் பாட்டுக்கு வைக்கலாமா?

வீட்டுச் சந்தாவில் கடையில் பாட்டுப் போடக்கூடாது, அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். தவிர, மதிய நேரக் கூட்டத்தில் அதற்கு உங்கள் குரல் எங்கே கேட்கப்போகிறது?

ராணிப்பேட்டை, இல்லத்தரசி: எங்கள் பையன் பெயர் அலெக்ஸ். "அலெக்ஸ், சாப்பிட வா" என்றால் ஸ்பீக்கர் பதில் சொல்கிறது. அவனோ வருவதில்லை. என்ன செய்வது?

செயலியில் அந்தக் கருவியின் அமைப்புக்குள் போய்க் கூப்பிடும் பெயரை "எக்கோ" அல்லது "கம்ப்யூட்டர்" என்று மாற்றிவிடுங்கள் மேடம், ஒரு நிமிட வேலை. பையன் வராததற்கு அதில் அமைப்பு எதுவும் இல்லை.