கண்ணாடிப் பூ ஜாடி: அடியைக் காட்டிவிட்டுக் கேளுங்கள்

கேள்வி: சார், தாத்தா வாங்கி வைத்த பிரெஞ்சு ஜாடி. இலை, கொடியெல்லாம் புடைப்பாக இருக்கிறது. பக்கத்தில் 'கால்லே' என்று கையெழுத்து. அசல்தானா?

பதில்: கையெழுத்தை நம்பி முடிவு கட்டாதீர்கள். பிரான்சின் நான்சி நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் எமில் கால்லே 1904-இல் இறந்துபோனார். அதன்பின் சில வருடங்கள் அவருடைய பட்டறை, கையெழுத்தோடு சின்ன நட்சத்திரம் ஒன்றையும் சேர்த்துப் போட்டது. பிற்பாடு ருமேனியாவில் அதே பாணியில் ஏராளமாகச் செய்தார்கள். அவற்றில் பெயருக்குப் பக்கத்தில் 'டிப்' என்று இருக்கும். 'வகை' என்று பொருள். அவர்கள் ஒளிக்கவில்லை. நடுவில் கைமாற்றுகிறவர்கள்தான் அந்தச் சொல்லை மட்டும் தேய்த்துவிடுகிறார்கள். பெயரைச் சுற்றி விரல் நுனியால் தடவுங்கள். லேசான பள்ளமோ மங்கலோ தட்டுப்பட்டால் சந்தேகம்தான்.

அப்புறம் கவிழ்த்துப் பாருங்கள். நூறு வருடம் மேசையில் நின்ற ஜாடிக்கு, மேசையைத் தொடும் வளையத்தில் மட்டும் மெல்லிய கீறல்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு திசையில். எல்லாம் வகிடு எடுத்ததுபோல ஒரே பக்கம் ஓடினால் அது பழசாகக் காட்டச் செய்த உப்புத்தாள் வேலை.

கேள்வி: வானவில் மினுமினுப்பு, கையெழுத்தே இல்லை. போலியா?

பதில்: அதனாலேயே போலி ஆகாது. பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) லோட்ஸ் நிறுவன ஜாடிகளில் பெரும்பாலானவற்றில் கையெழுத்து கிடையாது. அச்சு இணைப்புக் கோடு தெரிந்தால் கார்னிவல் கண்ணாடியாக இருக்கலாம். 1907 வாக்கில் அமெரிக்காவில் ஃபென்டன் நிறுவனம் தொடங்கிவைத்த, அச்சில் வார்த்த மினுமினுப்பு மலிவுச் சரக்கு.

கேள்வி: விலை என்ன போகும்?

பதில்: அடிப்பகுதிப் படம் எங்கே?

கேள்வி: புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்கிறது. பழசுதானே?

பதில்: பளிச்சென்று ஒளிர்ந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடி. வயதுக்கு அது சாட்சி இல்லை, இன்றும் செய்கிறார்கள்.

கேள்வி: குருதிநெல்லிச் (கிரான்பெரி) சிவப்பு ஜாடியில் தங்கம் இருக்கிறதாமே! உருக்கினால் எத்தனை கிராம் தேறும்?

பதில்: ஒரு கிலோ கண்ணாடிக்கு அரை கிராம்கூடத் தேறாது. அதுவும் பல ஜாடிகளில் சிவப்பு ஒரு மெல்லிய படலம்தான், மீதி வெறும் கண்ணாடி. உடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: அண்ணே, குறுக்கிடுகிறேன். என் சித்தப்பா நகை ஆசாரி. தங்கம் கண்ணாடியோடு கலக்காது, அடியில் தங்கிவிடும் என்கிறார்.

பதில்: கட்டித் தங்கத்துக்கு அவர் சொல்வது சரி. இங்கே ராஜ திராவகத்தில் (தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவை) கரைத்த தங்கத்தைச் சேர்க்கிறார்கள். முதலில் ஆறும்போது பெரும்பாலும் நிறமே தெரியாது. மறுபடி சூடு காட்டினால் தங்கம் நுண்துகள்களாகத் திரண்டு சிவப்பு ஏறும். ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே 1857-இலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்.

கேள்வி: சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. தங்கம் என்றால் மஞ்சள்தானாம்.

பதில்: நுண்துகளானால் சிவப்பு. எல்லாச் சிவப்பும் தங்கமில்லை என்பதையும் சொல்லுங்கள். செம்பு, செலினியம் போட்டும் சிவப்பு வரும்.

கேள்வி: சார், என்னிடமும் ஒரு சிவப்பு ஜாடி. எத்தனை கிராம்?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: விலை மட்டும் சொல்லிவிடுங்களேன்?

பதில்: அடி. படம். அடி.

கேள்வி: அண்ணே, சித்தப்பா உங்கள் ஜாடியை நேரில் பார்க்க வேண்டுமாம்.

பதில்: தாராளமாக வரட்டும். உரைகல்லை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.