தவளைத் தொட்டி மண்ணில் வெள்ளையாகப் பொடிப் பூச்சிகள் ஊர்கின்றன. தவளைக்கு ஆபத்தா? எப்படி ஒழிப்பது?

கையில் பூச்சிமருந்து ஸ்பிரே இருந்தால் முதலில் அதைக் கீழே வைத்துவிடுங்கள். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. ஓரளவு மூச்சு விடுவதும் அதே தோலால்தான். மண்ணில் அடித்தது எதுவானாலும் அதன் உடம்புக்குள் போய்விடும். பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரின், வேப்பெண்ணெய் என்று ‘இயற்கை’ முத்திரையோடு வருபவையும் வேண்டாம்.

அப்புறம், அது என்ன பூச்சி என்று பாருங்கள். ஈரமான மரத்துண்டு ஒன்றைப் புரட்டி லேசாக ஊதுங்கள். சட்டென்று துள்ளினால் அது ஸ்பிரிங்டெயிலாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம், ஆறு கால், தண்ணீர் ஊற்றினால் மூழ்காமல் மேலே மிதக்கும். பூஞ்சையையும் மட்கும் இலையையும் தின்று வாழ்கிற சாது. ஒழிப்பது இருக்கட்டும், நான் இதைக் காசு கொடுத்து வாங்கி என் தொட்டியில் விட்டிருக்கிறேன்! புது மரத்துண்டில் வெள்ளைப் பூஞ்சை படரும்போது அதைத் துடைத்துத் தருவது இவைதான். குட்டித் தவளைகளுக்குத் தீனியும் ஆகும்.

துள்ளவில்லை, உருண்டையாக இருக்கிறது, மெதுவாக நகர்கிறது, கண்ணாடியில் மாவு தூவியதுபோல் அப்பிக்கிடக்கிறது என்றால் மைட் எனும் சிற்றுண்ணி. லென்ஸில் பார்த்தால் எட்டு கால் தெரியும். தொட்டியில் வரும் மைட்களில் பெரும்பாலானவை தவளையைத் தொடுவதில்லை. தீனியாகப் போட்டுச் செத்த கிரிக்கெட் பூச்சி, மிஞ்சிய தீனி, எச்சம் ஆகியவைதான் அவற்றுக்குச் சாப்பாடு. எனவே திடீரென்று பெருகியிருந்தால் நீங்கள் தீனி அதிகமாகப் போடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். தீனியைக் குறையுங்கள், மிச்சத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். இரவில் மண்மேல் ஒரு வெள்ளரித் துண்டை வையுங்கள். காலையில் அதில் மொய்த்திருப்பதோடு சேர்த்து வெளியே எறியுங்கள். சில நாள் விடாமல் செய்தால் கூட்டம் நன்றாகக் குறையும். அடியோடு போகாது, போகவும் வேண்டியதில்லை. தவளைத் தீனிக்காகப் பழ ஈ வளர்க்கும் பாட்டில் வைத்திருந்தால் அதையும் பாருங்கள், பல நேரம் மைட் வருவது அங்கிருந்துதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தவளையின் தோலிலேயே சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ சின்னப் புள்ளிகள் புடைத்துத் தெரிந்தால் அது வேறு கதை. சில மைட்களின் இளம்பருவம் தோலுக்குள் புகுந்து தங்கும், குறிப்பாகக் காட்டில் பிடித்துவந்த தவளைகளில். அதற்கு வீட்டு வைத்தியம் பார்க்காமல், தவளைகளுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கறுப்பாகச் சின்ன ஈ பறந்தால் மண் சொதசொதவென்று இருக்கிறது என்று பொருள். தேங்கிய நீரை வடித்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொட்டிக்கு வெளியில் மட்டும் வைக்க வேண்டும், உள்ளே வைத்தால் தவளை ஒட்டிக்கொள்ளும்.

எல்லா மண்ணையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சிலர் சொல்வார்கள். மண் அழுகி நாற்றமடித்தால் செய்யுங்கள். மண்ணை மாற்றி முடிக்கும்வரை தவளையைக் காற்றுத் துளையிட்ட டப்பாவில், குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்த டிஷ்யூமேல் வைக்கலாம். தொட்டியை வெந்நீரால் மட்டும் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். வெறும் பூச்சிக்காக இவ்வளவு பாடு படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்து வைக்கிற செடியின் வேரோடு அவை திரும்ப வந்துவிடும்.

உண்மையில் நான் பயப்படும் பூச்சி, நாமே தீனியாகப் போடும் கிரிக்கெட்தான். தின்னாமல் விட்ட கிரிக்கெட் பசியெடுத்தால் தூங்கும் தவளையின் தோலைக் கடித்துப் புண்ணாக்கும். தவளை சாப்பிட்டு முடித்ததும் மிஞ்சியவற்றைத் தேடி எடுத்துவிடுங்கள்.