அவர் ஷார்ஜாவில், நான் வீரவநல்லூரில்
வாசகர் கேள்வி – பதில்

தூரத்தில் இருந்தபடியே பழகி, நிச்சயம் வரை வந்து நிற்பவர்களின் கடிதங்கள் இந்த இதழில்.

கே: பாளையங்கோட்டையில் தோழி கல்யாணத்தில் பார்த்துப் பழகினோம். அவர் இப்போது ஷார்ஜாவில். வாட்ஸ்ஆப் காலில் கூப்பிட்டால் ‘இங்கே போகாது’ என்கிறார். நம்பலாமா? ராத்திரி பேசினால் வீட்டில் ஏச்சு விழுகிறது. – வாசகி, வீரவநல்லூர்

ப: நம்பலாம். அமீரகத்தில் வாட்ஸ்ஆப் மெசேஜும் குரல் பதிவும் போகும். அழைப்புக்குத் தடை உண்டு. அங்கே நம்மவர்கள் போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற செயலியில்தான் ஊருக்குப் பேசுகிறார்கள். இருவரும் அதையே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சண்டைக்குப் பாதிக் காரணம் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அவர் டியூட்டி முடிந்து அறைக்கு வந்து, குளித்து, சமைத்து, சாப்பிட ஒன்பது ஆனால் இங்கே பத்தரை. தெரு அடங்கிய நேரத்தில் நீங்கள் போர்வைக்குள் முணுமுணுப்பீர்கள்; அது அவர் காதில் கோபமாக விழும். காலைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே ஆறரை என்றால் இங்கே எட்டு. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற பத்து நிமிஷம் தாராளம். நீளமாகப் பேச அவருடைய வார விடுமுறை நாளை ஒதுக்குங்கள். மனத்தாங்கலை மட்டும் மெசேஜில் ஆரம்பிக்காதீர்கள், பேசித்தான் தீர்க்க வேண்டும்.

கே: அவள் சென்னை, நான் டவுன். மாதம் ஒரு தடவை பார்க்க நினைத்தாலும் டிக்கெட் கிடைப்பதில்லை. – வாசகர், திருநெல்வேலி டவுன்

ப: ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். அதனால் அடுத்த இரண்டு சந்திப்புகளின் தேதியை இப்போதே முடிவு செய்யுங்கள். வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ், ஞாயிறு இரவு திரும்பல் என்பதுதான் எல்லோருடைய கணக்கும், முதலில் தீர்வதும் அதுதான். சனிக்கிழமை லீவு உள்ளவர் காலை வந்தே பாரத்தில் போனால் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் எழும்பூர். தட்கல் முந்தின நாள் ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. பொங்கல், தீபாவளிக்கு அதை நம்பாதீர்கள்.

ஒரே ஆள் எப்போதும் பயணம் செய்வது ஆறு மாதத்தில் மனத்தாங்கல் ஆகும். மாறி மாறிப் போங்கள். அவள் இங்கே வந்தால் புது பஸ் ஸ்டாண்டில் சந்திக்க வேண்டாம், யாராவது ஒரு சித்தப்பா அங்கே பஸ்ஸுக்கு நிற்பார். கொக்கிரகுளம் அறிவியல் மையம் பரவாயில்லை.

கே: வீட்டில் முதலில் யாரிடம் சொல்ல? தாய்மாமா என்மேல் பிரியமாக இருப்பார். – வாசகி, அம்பாசமுத்திரம்

ப: மாமாவுக்குக் கல்யாண வயதில் மகன் இருக்கிறாரா? இருந்தால் மாமாவிடம் முதலில் போகாதீர்கள். முறைப்பெண் என்று அவர் மனசில் ஒரு கணக்கு இருக்கலாம். தூது போக வேண்டியவர் எதிராளி ஆகிவிடுவார். மைனியோ (அண்ணி) சித்தியோ, அப்பாவிடம் முகம் பார்த்துப் பேசக்கூடிய ஒருவரே சரி. அப்பாவுக்கு விஷயம் வெளியாள் வாயால் தெரியவே கூடாது. அது ஒன்றுக்காகவே நின்றுபோன சம்பந்தங்கள் உண்டு.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பையனின் படிப்பு, சம்பளம், விசா முடியும் தேதி, தலைமேல் உள்ள கடன், உடன்பிறந்தவர்களில் கல்யாணம் ஆகாதவர் யார்: அப்பா கேட்கப் போவது இவைதான். ‘நல்லவர்’ என்பது அவருக்குப் பதில் ஆகாது.

பையன் வீட்டார் முதல் தடவை வந்தால் காபியோடு எழுந்துவிடுவார்கள். பேசி முடிக்காத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது வழக்கம். சாப்பாடு போட்டு வற்புறுத்தவும் வேண்டாம், சாப்பிடவில்லையே என்று மறுகவும் வேண்டாம்.

கே: வேறு சாதி. ரிஜிஸ்டர் ஆபீசில் ஒரு மாதம் நோட்டீஸ் ஒட்டுவார்களாமே? – பெயர் வேண்டாம்

ப: இருவரும் இந்துக்கள் என்றால் அந்த நோட்டீஸ் தேவையில்லை. சாதி வேறு என்றாலே 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். இந்து திருமணச் சட்டமே போதும். தமிழ்நாடு அதில் கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்த கல்யாணம் செல்லும். புரோகிதர் வேண்டாம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும்.

மதம் வேறானால் சிறப்புத் திருமணச் சட்டம். நோட்டீஸ் கொடுக்குமுன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டி 30 நாள் ஆன பிறகு, கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகளோடு முடிக்க வேண்டும். 25 நாள் லீவில் வந்து நோட்டீஸும் கொடுத்துக் கல்யாணமும் முடிக்க நினைத்தால் நடக்காது.

மிரட்டல் இருந்தால் ‘அப்பா சும்மா சொல்கிறார்’ என்று விடாதீர்கள். நம் பக்கத்தில் நடந்த கொலைகள் கொஞ்சமல்ல. இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. எஸ்.பி. அலுவலகத்தில், மாநகர் என்றால் கமிஷனர் அலுவலகத்தில், வயதுச் சான்றோடு எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கே: இரண்டு வீட்டிலும் சம்மதம். நிச்சயத்துக்கு அவருக்கு லீவு ஜூலைக் கடைசியில்தான். என்னென்ன பார்க்க வேண்டும்? – வாசகி, தென்காசி

ப: லீவுத் தாளில் கையெழுத்து ஆகுமுன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஆடி. பெரியவர்கள் தட்டு மாற்றச் சம்மதிக்க மாட்டார்கள். வளைகுடாவில் பள்ளி விடுமுறையும் கம்பெனி லீவும் அப்போதே வந்து தொலைவதால் வருஷாவருஷம் இந்த இடி. ஒரு மாதம் முன்னே நகர்த்தினால் ஆனி, பின்னே தள்ளினால் ஆவணி.

தட்டு ஒற்றைப்படையில் ஏழு, ஒன்பது, பதினொன்று. வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமம், தேங்காய், பழம், பூ, கற்கண்டு, அல்வா, சேலை. எத்தனை தட்டு என்று இரண்டு வீடும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளட்டும். அவர்கள் பதினொன்று கொண்டுவந்து நீங்கள் ஐந்தோடு நின்றால் அன்றைக்கே ஒரு பேச்சு கிளம்பும்.

அதிகம் சொதப்புவது ஜாக்கெட். நிச்சயச் சேலை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரும், பெண் அதைச் சபையிலேயே வாங்கி உள்ளே போய்க் கட்டி வர வேண்டும். சேலையோடு ஒட்டிய துணியை வெட்டி இரண்டு வாரம் முன்பே அனுப்பச் சொல்லித் தைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பொருந்தாத ஜாக்கெட்டோடுதான் போட்டோ.

மோதிர அளவை போனில் ‘நடுத்தரம்’ என்று சொல்லாதீர்கள். மெல்லிய காகிதப் பட்டையை விரலடியில் சுற்றி, முனை சேரும் இடத்தில் கோடு போட்டு, ஸ்கேலில் மில்லிமீட்டர் பாருங்கள். மாலையில் எடுங்கள், காலையில் விரல் சற்று மெலிந்திருக்கும். மூட்டு பெருத்த விரல் என்றால் மூட்டின் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. மாப்பிள்ளை சிங்கப்பூரில். கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பதற்கு அவர் இருக்க வேண்டுமா? – வாசகி, நாசரேத்

ப: வேண்டாம். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், ஆள் இல்லாமலே நடக்கும். ஆனால் அவர் அங்கே போகும் சபையிலிருந்து கல்யாணம் ஆகாதவர் என்ற கடிதத்தை உங்கள் சபை ஐயர் (போதகர்) கேட்பார். மூன்று ஞாயிறையும் கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, கடிதம் அதற்கு முன்பே கையில் இருக்கும்படி பாருங்கள்.

கே: கல்யாணப் பதிவை அடுத்த லீவில் செய்யலாமா? – வாசகர், கடையநல்லூர்

ப: கூடாது. தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். விண்ணப்பத்தில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். இனிஷியலை ஒன்றில் விரித்தும் ஒன்றில் சுருக்கியும் எழுதினால் குடும்ப விசாவில் மாட்டிக்கொள்ளும்.