எந்தக் குழாயை மூடச் சொல்கிறீர்கள்?

கேள்வி: கல்லூரி விவாதக் குழுவில் இருக்கிறேன். "இஸ்ரேலுக்குத் தரும் ராணுவ உதவியை அமெரிக்கா நிறுத்த வேண்டும்" என்பது அடுத்த போட்டியின் தலைப்பு. ஆதரித்துப் பேசுவதா எதிர்ப்பதா என்பது அரை மணி நேரத்துக்கு முன்புதான் தெரியும். உதவித்தொகை 380 கோடி டாலர் என்று ஓரிடத்தில் படித்தேன், இன்னோரிடத்தில் 2,600 கோடி, மற்றோரிடத்தில் 30,000 கோடி. எதை நம்புவது? இரண்டு பக்கத்துக்கும் எப்படித் தயாராவது?

பதில்: மூன்று எண்ணுமே சரிதான். மூன்றும் வெவ்வேறு கணக்குகள், அவ்வளவுதான்.

ஒபாமா காலத்தில், 2016 செப்டம்பரில் கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தப்படி 2019 முதல் 2028 வரையிலான பத்து நிதியாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர். அதை ஆண்டுக்குப் பிரித்தால் வருவது 380 கோடி: ஆயுதம் வாங்க 330, ஏவுகணைத் தடுப்புக்கு 50. காசா போருக்காக 2024 ஏப்ரலில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், நிறைவேற்றிய தனி மசோதா ஏறத்தாழ 2,600 கோடி. அதில் 900 கோடிக்கு மேல் மனிதாபிமான உதவி, ஒரு பகுதி அமெரிக்கா தன் சொந்தக் கிடங்குகளை நிரப்பிக்கொள்ள. இஸ்ரேலுக்கு நேரடியாகப் போவது 870 கோடிதான். 30,000 கோடி என்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய எல்லா உதவியையும், ஒரு காலத்தில் தந்த பொருளாதார உதவி உட்பட, இன்றைய விலைவாசிக்கு மாற்றிக் கூட்டியது. மேடையில் எண் சொன்னால் எந்த ஆண்டு, எந்தக் கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லையென்றால் எதிரணி ஒரே குறுக்குக் கேள்வியில் உங்களை உட்கார வைத்துவிடும்.

சரி, பணம் எப்படிப் போகிறது? பலர் நினைப்பதுபோல யாரும் டெல் அவிவுக்குக் காசோலை அனுப்புவதில்லை. நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்த முப்பது நாளுக்குள் முழுத்தொகையும் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வட்டி தரும் ஒரு கணக்கில் போடப்படுகிறது. இந்தச் சலுகையே வேறு பல நாடுகளுக்குக் கிடையாது. அந்தக் கணக்கிலிருந்து அமெரிக்க நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டும். முன்பு கால்வாசிக்குச் சற்று மேல் இஸ்ரேலின் சொந்தத் தொழிற்சாலைகளில் செலவழிக்கலாம் என்றிருந்தது. 2016 ஒப்பந்தம் அதையும் படிப்படியாகக் குறைத்து 2028க்குள் இல்லாமல் ஆக்குகிறது. மளிகைக்கடைக்காரரே நம் பெயரில் முன்பணம் போட்டுவிட்டு, அவர் கடையில் மட்டும் வாங்கச் சொல்வது மாதிரி.

ஒரு குண்டை எடுத்துக்கொள்வோம். எம்.கே. 84 என்பது 2,000 பவுண்டு எடையுள்ள சாதாரண இரும்புக் குண்டு. அதற்குத் தானாக இலக்கைத் தேடத் தெரியாது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் சார்ல்ஸ் ஊரில் போயிங் தயாரிக்கும் ஜேடாம் கருவியை வாலில் பொருத்தினால் அது ஜி.பி.எஸ். பார்த்துப் போய் விழும். இந்தக் கருவி இஸ்ரேலின் கைக்குப் போக மூன்று குழாய்கள் திறந்திருக்க வேண்டும். முதலாவது காசு. இரண்டாவது அனுமதி: பெரிய விற்பனை என்றால் அரசு காங்கிரஸுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். மூன்றாவது கப்பலில் ஏற்றுவது. விற்பனை முடிந்து, பணமும் கட்டியாயிற்று என்றாலும் அதிபர் அனுப்பாமல் வைத்திருக்கலாம். 2024 மே மாதம் பைடன் செய்தது இதைத்தான். காசாவின் தெற்கிலுள்ள ராஃபா நகர் மீதான தாக்குதலைக் காரணம் காட்டி 2,000 பவுண்டு குண்டுகளை நிறுத்தி வைத்தார். 2025 ஜனவரியில் டிரம்ப் வந்ததும் அவற்றை விடுவித்தார். இதற்கிடையில் உதவித்தொகையில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

உங்கள் தலைப்பின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. "உதவியை நிறுத்து" என்றால் காசை மட்டுமா, விற்பனையையுமா? காசை மட்டும் என்றால், அந்த உதவி போருக்கு முன்பு இஸ்ரேலின் பாதுகாப்புச் செலவில் ஏறக்குறைய 15 சதவீதம். பணக்கார நாடு, சிரமப்பட்டாலும் கைக்காசில் அதே குண்டை வாங்கிக்கொள்ளும். அப்புறம் உங்கள் தீர்மானத்தால் காசாவில் என்ன மாறும் என்று நடுவர் கேட்பார். விற்பனையையும் சேர்த்து என்றால் நிறைய மாறும், ஆனால் அதற்கான நியாயத்தை நீங்கள்தான் சுமக்க வேண்டும். நான் நடுவராக உட்கார்ந்த சுற்றுகளில் பெரும்பாலான பேச்சாளர்கள் முதல் நிமிடத்தில் காசைப் பற்றிப் பேசி மூன்றாம் நிமிடத்தில் குண்டுக்கு நழுவிவிடுவார்கள். நழுவியது அவர்களுக்கே தெரியாது.

ஆதரித்துப் பேச நேர்ந்தால் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். மனித உரிமை மீறலில் சிக்கிய படைப்பிரிவுக்கு உதவி கூடாது என்கிறது லேஹி சட்டம். ஐந்து இஸ்ரேலியப் பிரிவுகள் அப்படி மீறியிருப்பதை 2024ல் அமெரிக்க வெளியுறவுத் துறையே கண்டறிந்தது. எந்தப் பிரிவும் உதவியை இழக்கவில்லை. காங்கிரஸ் தடுக்கலாமே என்றால், தீர்மானம் நிறைவேறினாலும் அதிபர் வீட்டோ செய்யலாம். 2019ல் சவுதி விற்பனை விஷயத்தில் அதுதான் நடந்தது. இஸ்ரேல் விற்பனைகளை எதிர்த்து செனட் உறுப்பினர் பெர்னி சாண்டர்ஸ் அந்த அவையில் கொண்டுவந்த தீர்மானங்களுக்கு 2024 நவம்பரில் அதிகபட்சம் 19 வாக்குகள், 2025 ஜூலையில் 27. நூறு பேர் அவையில் இது தோல்விதான், ஆனால் ஏறுமுகம். நிபந்தனை விதிப்பது அமெரிக்காவுக்குப் புதிதும் இல்லை. லெபனானில் பயன்படுத்தியதற்காக 1982ல் கொத்துக் குண்டுகளை (ஒன்றிலிருந்து பல சிறு குண்டுகள் சிதறுபவை) நிறுத்தியவர் அதிபர் ரீகன். இடதுசாரி என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

எதிர்த்துப் பேசுபவருக்கு என் கையிருப்பில் உள்ள நல்ல கதை அமெரிக்காவுடையது அல்ல, பிரான்ஸுடையது. அரபு நாடுகளுடனான 1967 போரில் இஸ்ரேல் விமானப்படை பறந்தது பிரெஞ்சு மிராஜ் போர் விமானங்களில். போர் தொடங்கும் சமயத்தில் பிரெஞ்சு அதிபர் டி கால் ஆயுதத் தடை போட்டார். இஸ்ரேல் பணம் கட்டியிருந்த 50 மிராஜ் 5 விமானங்கள் கடைசியில் பிரெஞ்சு விமானப்படைக்கே போய்ச் சேர்ந்தன. 1969 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிரான்ஸின் செர்பூர் துறைமுகத்தில் தடையில் கிடந்த ஐந்து ஏவுகணைப் படகுகளை இஸ்ரேலியர்கள் இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு ஹைஃபா போய்விட்டார்கள். தடையால் இஸ்ரேல் தான் பிடித்த நிலத்தை விடவில்லை. ஆளை மாற்றியது, அமெரிக்கா பக்கம் போனது. பாரிஸின் பேச்சுக்கு அங்கே மதிப்பு குறைந்தது. நிறுத்தினால் பிடி நழுவும் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எதிரணி கெட்டிக்காரர்களாக இருந்தால் இதே கதையைத் திருப்புவார்கள். மிராஜ் வடிவத்தை வைத்து இஸ்ரேல் சொந்தமாகச் செய்த கிஃபிர் விமானத்தில் இருந்தது அமெரிக்காவின் ஜே79 எஞ்சின். ஆக, அன்று மாற்றுக்கு ஓர் அமெரிக்கா இருந்தது. இன்று அமெரிக்காவுக்கு மாற்று யார்? எஃப்-35 போர் விமானத்தை வேறு யார் விற்பார்கள்? என்னைக் கேட்டால் இந்தத் திருப்பல்தான் பலமானது. அதனால் எதிர்த்துப் பேசுபவர் டி காலோடு நின்றுவிடக் கூடாது, இஸ்ரேலின் ராக்கெட் தடுப்பு அமைப்பான அயர்ன் டோமுக்கும் வர வேண்டும். பொத்தாம்பொதுவாக "உதவி" என்றால் ராக்கெட்டைத் தடுக்கும் ஏவுகணையும் அதில் அடக்கம். 2021 செப்டம்பரில் அதற்கு 100 கோடி டாலர் ஒதுக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 420க்கு 9 என்று தேறியது. ஆதரவு அணி இதற்கு விதிவிலக்கு கேட்டால், தலைப்பில் பாதியை அவர்களே விட்டுக்கொடுத்ததாகச் சொல்லலாம். கேட்காவிட்டால் இஸ்ரேலின் அஷ்கெலோன் நகரில் ராக்கெட் விழும் வீடுகளுக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

எகிப்தை இரு பக்கமும் மறந்துவிடுகிறார்கள். 1979 சமாதான உடன்படிக்கைக்குப் பின் கெய்ரோவுக்கும் பெரிய ராணுவ உதவி வந்தது, நீண்ட காலமாக ஆண்டுக்கு 130 கோடி டாலர். இஸ்ரேலுக்கான குழாயை மூடினால் எகிப்துக்கான உதவியை என்ன செய்வது என்ற கேள்வி வரும். ஒரு வரியாவது தயாராக வைத்திருங்கள்.

இது பட்டிமன்றம் இல்லை, கைதட்டலுக்கு மதிப்பெண் கிடையாது. மதம், யார் முதலில் வந்தது, 1948ல் யார் தவறு என்று இறங்கினால் ஏழு நிமிடமும் அதிலேயே கரைந்துவிடும். உங்களுக்குக் கொடுத்திருப்பது வாஷிங்டன் எடுக்க வேண்டிய ஒரு முடிவு. அரை மணி நேரம் கிடைத்ததும் தாளின் தலையில் எந்தக் குழாய் என்று எழுதிக்கொண்டு, குழுவில் மூன்று பேரும் அதையே சொல்வது என்று முடிவு செய்துவிடுங்கள். பில்லியன் என்றால் 100 கோடி, 2,000 பவுண்டு என்றால் 907 கிலோ. இவற்றையும் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் நின்று வகுக்க வராது.